பகலில் அங்கே இருக்கப்போவது யார்?

வில்லிவாக்கம்,
சென்னை - 49.
சித்திரை, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மருமகள் மீனாவுக்கு,

மாமா எழுதுவது. சென்னைக்கு உன் இட மாறுதல் உத்தரவு கைக்கு வந்ததில் அத்தைக்கு உன்னைவிட சந்தோஷம். "கோயம்புத்தூர்த் தண்ணியைக் குடிச்சவ மெட்ராஸ் தண்ணிக்கு எப்படிப் பழகுவா" என்ற கவலையும் கூடவே இருக்கிறது.

நீ அனுப்பிய ஐந்து வீட்டுப் படங்களையும் விலாசங்களையும் பார்த்தேன். "எது நல்லாயிருக்கு மாமா, ஒண்ணு சொல்லுங்க" என்று போனில் கேட்டாய். போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் பொடியன் பிடுங்கிக்கொள்வான், மீதியில் மாப்பிள்ளைக்கு வேறு அழைப்பு வரும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். படித்துவிட்டு மாப்பிள்ளையிடம் கொடு. உன் அம்மாவுக்கும், அதாவது என் அக்காவுக்கும், ஒருநாள் போனில் வாசித்துக் காட்டு. அவளைப் பற்றித்தான் இதில் அதிகம் இருக்கிறது.

அக்காவும் வந்து சேர்வதால் உங்கள் வீட்டில் இனி நான்கு பேர். நீ காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் பாரிமுனைக் கிளையில் கணக்கு முடித்துத் திரும்ப ஏழாகும். மாப்பிள்ளைக்குச் சிறுசேரி. வாரத்தில் மூன்று நாள் போகவேண்டும், மற்ற நாட்களில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப் முன்னால். பொடியனுக்கு எல்.கே.ஜி., மதியத்துக்குள் விட்டுவிடுவார்கள். அவனை அழைத்துவரப் போவது அக்கா. சோறு ஊட்டுவதும் சாயங்காலம் வெளியே கூட்டிப்போவதும் அவள்தான். ஆக, அந்தத் தெருவில் பகலெல்லாம் வாழப்போகிறவர்கள் அக்காவும் பொடியனும். நீங்கள் இரண்டு பேரும் ராத்திரி வந்து தூங்கப்போகிறவர்கள்.

உன் பட்டியலில் ஒவ்வொரு விலாசத்துக்கும் எதிரே இரண்டு எண் போட்டிருக்கிறாய்: சிறுசேரிக்கு இத்தனை கிலோமீட்டர், பாரிமுனைக்கு இத்தனை கிலோமீட்டர். அக்காவுக்கு ஒரு எண்ணும் இல்லை. கோபித்துக்கொள்ளாதே. சென்னையில் எல்லாரும் இப்படித்தான் வீடு பார்க்கிறார்கள், சம்பாதிக்கிறவர்களின் ஆபீசிலிருந்து கோடு போட்டு. ஆபீஸ் மாறும். மாப்பிள்ளை கம்பெனி மாறினால் சிறுசேரி அம்பத்தூராகிவிடும். உனக்கும் மூன்று வருஷத்தில் இன்னொரு கிளை. அக்கா மட்டும் அந்தத் தெருவிலேயேதான் இருப்பாள்.

அவள் இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் எப்படி இருக்கிறாள் என்று யோசித்துப் பார். விடியற்காலை ஆண்டாள் சந்நிதிக்குப் போகிறாள். திரும்பும்போது ரத வீதியில் கீரை வாங்குகிறாள். பிரஷர் மாத்திரை தீர்ந்தால் தானே போய் வாங்குகிறாள். அத்தானின் குடும்ப ஓய்வூதியத்தை எடுக்க வங்கிக்குத் தனியாகத்தான் போகிறாள். முழங்கால் வலிக்கிறது என்பாள், ஆனாலும் ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வரும்வரை நின்றுவிட்டுத்தான் வீடு திரும்புவாள். இதில் எதற்கும் அவள் யாரையும் கேட்பதில்லை. அத்தான் போன பிறகு அவளை நிமிர்த்தி வைத்திருப்பது இப்படிக் கேட்காமல் போய்வருவதுதான் என்று நான் நினைக்கிறேன். சென்னைக்கு வந்ததும் ஒவ்வொரு வேலைக்கும் "மாப்பிள்ளை, கொஞ்சம் அந்த ஆட்டோவை போனில் கூப்பிடுங்க" என்று அவள் கதவைத் தட்ட வேண்டிவந்தால், மாடுலர் கிச்சன் எவ்வளவு பளபளத்தாலும் அவள் ஆறு மாதத்தில் மூட்டை கட்டிவிடுவாள். கட்டாவிட்டால் இன்னும் மோசம்.

அதனால் என் அளவுகோல் ஒன்றுதான். அக்கா யாரையும் கேட்காமல் கிளம்பி, யார் துணையும் இல்லாமல் திரும்பி வர முடிகிற தெருவா? மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்.

ஆனால் அதற்கும் முன்னால் நிலத்தையும் தண்ணீரையும் பார்க்கவேண்டும். நான் குடிநீர் வாரியத்தில் காலம் தள்ளியவன், அங்கிருந்துதான் தொடங்குவேன். வீட்டுக்குள் இருக்கும் குறை பெரும்பாலும் காசு செலவழித்தால் தீரும். தாழ்வான நிலத்தை நீயும் நானும் உயர்த்த முடியாது, உப்பேறிய நிலத்தடி நீரை இனிப்பாக்க முடியாது.

சென்னையில் தண்ணீருக்கு இரண்டு கேள்வி உண்டு. வருமா? வந்தால் நிற்குமா? நீ வீடு பார்க்க வருவது கோடையில். முதல் கேள்விக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரியும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஒரு நடைக்கு இருபத்தைந்து லட்சம் லிட்டர். முதல் ரயில் ஜூலையில் எங்கள் வில்லிவாக்கத்தில்தான் வந்து நின்றது. மாலை போட்டு வரவேற்றதெல்லாம் டிவியில் பார்த்திருப்பாய். இப்போது மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள். 2024இல் நெம்மேலியில் இரண்டாவது ஆலையும் வந்துவிட்டதால் தென்சென்னைக்குக் கொஞ்சம் தெம்பு. அதற்காக எல்லாத் தெருவுக்கும் குழாயில் வருகிறது என்று அர்த்தமில்லை. வீட்டுக்காரரிடம் "மெட்ரோ வாட்டர் இருக்கா" என்று கேட்காதே. எல்லாரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "எத்தனை மணிக்கு வரும், தானாக சம்ப்புக்கு விழுமா, அடி பம்பில் அடிக்கணுமா, போன கோடையில் மாதத்துக்கு எத்தனை லாரி வாங்கினீங்க" என்று கேள். வாட்ச்மேனிடம் தனியாக இன்னொரு முறை கேள். மோட்டார் போடுகிறவருக்குத்தான் உண்மை தெரியும். போர் தண்ணீரை ஒரு வாய் கொப்பளித்துப் பார். பாத்ரூம் குழாய்களில் வெள்ளை படிந்திருந்தால் மற்றதைக் கேட்கவே வேண்டாம். பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிறதா என்பதையும் விடாதே. இல்லையென்றால் செப்டிக் டேங்க் லாரிக்கு வேறு அழவேண்டும், மழைக்காலத்தில் அது பொங்குவதைச் சகித்துக்கொள்ளவும் வேண்டும்.

இரண்டாவது கேள்விக்குக் கோடையில் பதில் தெரியாது. இந்த ஊரின் மழை ஐப்பசி, கார்த்திகையில். சித்திரையில் எல்லாத் தெருவும் மேட்டுத் தெருவாகத்தான் தெரியும். அதனால் ஆட்களைக் கேட்கவேண்டும். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர், மருந்துக்கடைக்காரர், டெய்லர், இவர்களுக்கு வாடகையில் லாப நஷ்டம் கிடையாது. 2015ஐயும் 2023ஐயும் தனித்தனியாகக் கேள். இரண்டும் வேறு வேறு வெள்ளம். 2015 டிசம்பர் முதல் தேதியும் மறுநாளும் செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்துவிட்ட தண்ணீரும் மழையும் சேர்ந்து அடையாறு கரை மீறியது. ஜாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் ஆற்றால் அடிபட்டவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையைச் சுற்றிப் பல நாள் தண்ணீர் வடியாததற்குக் காரணம் வேறு, போக வழியில்லை. முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் அந்தச் சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காடு பக்கம் கடலில் சேரவேண்டும். அந்த வழியைக் குறுக்கிவிட்டால் தண்ணீர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு தெரு இந்த இரண்டில் ஒன்றில் தப்பித்திருக்கலாம். இரண்டிலும் தப்பித்திருந்தால்தான் எனக்குத் திருப்தி.

கண்ணாலும் கொஞ்சம் பார்த்துக்கொள். வீட்டு வாசல்படி சாலையைவிடத் தாழ்ந்திருக்கிறதா? பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டே பல தெருக்களில் வீடுகள் பள்ளத்துக்குப் போய்விட்டன. மின் மீட்டர் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கி மாட்டியிருக்கிறார்களா? அந்தத் தெருக்காரர்கள் ஏதோ பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். காம்பவுண்டுச் சுவரில் ஒரே உயரத்தில் கறை ஓடியிருந்தால் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடு.

இனி உன் பட்டியல்.

முதலாவது நாவலூர் அடுக்குமாடி. மாப்பிள்ளைக்கு இதுதான் பிடித்திருக்கிறது என்று தெரியும். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சிறுசேரி பக்கம். உள்ளேயே பூங்கா, லிப்ட், காவல். சாயங்காலமானால் ஆந்திராவிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பிள்ளைகளோடு வந்துவிட்ட அம்மாக்கள் வரிசையாக நடக்கிறார்கள். அக்காவுக்குப் பேச்சுத்துணை கிடைக்கும், பொடியனுக்கு விளையாட ஆள் கிடைக்கும். இதையெல்லாம் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் மாநகராட்சி எல்லை செம்மஞ்சேரியோடு முடிந்துவிடும், நாவலூர் அதற்கு அந்தப்புறம். அந்தப் பக்கத்துக் குடியிருப்புகள் பெரும்பாலும் போர் தண்ணீரையும் லாரியையும் நம்பி ஓடுகின்றன. மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, அதில் லாரிக்குப் போவது எவ்வளவு என்று சங்கத்தில் கேட்டுப் பார், தலை சுற்றும். அதைவிட, கேட்டுக்கு வெளியே காலை வைத்தால் ராஜீவ் காந்தி சாலை. அந்த அகலச் சாலையை முழங்கால் வலியோடு ஒரு பெண் தனியாகக் கடந்து கீரை வாங்கப் போவாள் என்று நான் நம்பவில்லை. கேட்டுக்குள்ளே போடும் நடையையும் ஊருக்குள் போய்வரும் நடையையும் அக்கா ஒன்றாக நினைக்கமாட்டாள். உனக்கோ பாரிமுனைக்கு அங்கிருந்து தினமும் போவது தண்டனை. சிறுசேரி வரை மெட்ரோ வரும் என்று மாப்பிள்ளை சொல்வார். வரட்டும். வந்த பிறகு அதைப் பார்த்து வீடு மாற்றலாம். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குப் பறக்கும் ரயிலை நீட்ட 2008இல் வேலை தொடங்கினார்கள். வெறும் ஐந்து கிலோமீட்டர்தான், பதினைந்து வருஷம் தாண்டியும் முடியாமல் இழுத்தது. வரப்போகிற ரயிலுக்கு இப்போதே வாடகை கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை.

இரண்டாவது பெரும்பாக்கம். இது வாடகைக்கு இல்லை, வாங்கலாம் என்று போட்டிருக்கிறாய். அதன் பக்கத்தில் அக்காவின் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டு விலையையும் பென்சிலில் குறித்திருக்கிறாய். இதைப் பற்றித்தான் ரொம்ப நேரம் யோசித்தேன். மழை பெய்து மூன்றாம் நாள் பெரும்பாக்கத்தில் நின்று பார்த்தவன் நான். சதுப்பு நிலம் ஒரு பக்கம், சுற்றிலும் ஏரிகள். 2023இல் அந்தப் பக்கத்துச் சாலைகளில் படகு ஓடியது. பள்ளிக்கரணையை 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள், பறவைகளுக்கு நல்லது. அதே சதுப்பின் ஓரத்தில்தான் பெருங்குடி குப்பைமேடும் இருக்கிறது. 2022 ஏப்ரலில் அது தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது பகலில் வீடு காட்டும் புரோக்கருக்குத் தெரியாது, ராத்திரியில் ஜன்னல் திறக்கிறவர்களுக்குத்தான் தெரியும். எல்லா வீட்டிலும் தண்ணீர் ஏறியது என்று சொல்லவில்லை. மேட்டில் நன்றாகவே இருக்கிற தெருக்களும் உண்டு. ஆனால் ஒரு கார்த்திகையைக்கூட அங்கே பார்க்காமல் வாங்கக்கூடாது. எந்த ஏரியாவாக இருந்தாலும் முதலில் வாடகைக்குப் போய், ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கழித்துவிட்டு, பிறகு வாங்குவதைப் பற்றிப் பேசலாம்.

அக்கா வீட்டை விற்காதே. அவள் வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லமாட்டாள், "பிள்ளைகளுக்குத்தானே" என்று கையெழுத்துப் போட்டுவிடுவாள். அந்த வீடு இருக்கும்வரை அவள் உன்னோடு இருப்பது அவளாக எடுத்த முடிவு. விற்றுவிட்டால் போக்கிடம் இல்லாமல் இருக்கிறாள் என்று ஆகிவிடும். உன்னிடம் அவள் நடந்துகொள்வதே மாறிவிடும், நீ கவனித்துப் பார். மாடியை வாடகைக்கு விடுங்கள், கீழ்வீட்டைப் பூட்டி வையுங்கள். ஆடிப்பூரத்துக்கும் மார்கழிக்கும் அவள் போய்வரட்டும். தம்பி என்ற முறையில் எனக்கு அதில் ஒரு பைசா பாத்தியதை இல்லை என்பது உனக்குத் தெரியும், அதனால்தான் தைரியமாகச் சொல்கிறேன்.

மூன்றாவது மேற்கு மாம்பலம். நடந்தே எல்லாம் முடிகிற ஏரியா. காய்கறி, கோயில், மருந்துக்கடை, மாவுக்கடை எல்லாம் கைக்கெட்டும் தூரம். லேக் வியூ சாலையில் குறைந்த செலவில் பார்க்கும் பழைய தர்ம ஆஸ்பத்திரி. மாம்பலம் ஸ்டேஷனில் ஏறினால் உனக்குக் கடற்கரை ஸ்டேஷனுக்கு நேர் வண்டி. தி.நகரை உண்டாக்க 1920களில் தூர்த்த பழைய ஏரிப் பரப்பு அந்தப் பக்கம்தான். மழைக்கு அதன் ஞாபகம் போகவில்லை, சில தெருக்களில் முழங்கால் தண்ணீர் நிற்கும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம், ஒருநாளில் வடிந்துவிடும். சிக்கல் வேறு இடத்தில். நீ காட்டியிருக்கும் வீட்டுக்காரர் முதல் கேள்வியாக என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார் என்றாய். புரட்டாசி தவிர மற்ற மாதமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் மீன் குழம்பு. அக்கா வைக்கும் மீன் குழம்புக்காக நான் இங்கிருந்து வருவேன். ஜன்னலைச் சாத்திக்கொண்டு, வாசனை வெளியே போகிறதா என்று பயந்துகொண்டு சமைக்கிற வீட்டில் அவள் இருக்கவேண்டாம். பொய் சொல்லிக் குடி போவது அதைவிடக் கேவலம். அந்த ஏரியாவில் வேறு வீடு கிடைத்தால் பார்க்கலாம், இந்த வீட்டை அடித்துவிடு.

நான்காவது நங்கநல்லூர். நேரான தெருக்கள், மட்டமான தரை, நிறைய கோயில்கள். முப்பத்திரண்டு அடி ஆஞ்சநேயரை அக்கா டிவியில் பார்த்திருக்கிறாள், நேரில் பார்த்தால் விடமாட்டாள். ஆலந்தூர் நகராட்சியாக இருந்த காலத்தில், 1990களின் கடைசியில், ஜனங்களே வைப்புத்தொகை கட்டிப் பாதாளச் சாக்கடை கொண்டுவந்த ஊர் அது. எங்கள் வாரியத்து ஆட்கள் இன்றைக்கும் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். தெருவுக்காகக் கையிலிருந்து பணம் போட்டவர்கள் இருக்கும் இடம், அதற்கு ஒரு மதிப்பு உண்டு. நங்கநல்லூர் ரோடு மெட்ரோவில் ஏறினால் வண்டி மாறாமல் உயர் நீதிமன்றம், இறங்கினால் உன் ஆபீஸ். குறை என்னவென்றால் பழவந்தாங்கல் சுரங்கப்பாதை. கனமழை பெய்தால் மூடிவிடுவார்கள், ஸ்டேஷன் பக்கம் போகச் சுற்றவேண்டும். மாப்பிள்ளைக்குச் சிறுசேரி தூரம். மடிப்பாக்கம், மேடவாக்கம் என்று மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்ட சாலைகளில் போய்வரவேண்டும். மூன்று நாள்தானே, அவரால் முடியும் என்றே நினைக்கிறேன்.

ஐந்தாவது திருவான்மியூர். படத்தில் மிகச் சின்ன வீடு, வாடகை மிக அதிகம், அதனால் கடைசியில் போட்டிருக்கிறாய். ஆனால் மருந்தீசுவரர் கோயில் மாட வீதிகளிலிருந்து சில நிமிஷ நடையில் இருக்கிறது. நாலு பக்கமும் வீதி, குளம், பூக்கடை, சந்தை, பேருந்து நிலையம். சிவன் கோயிலாச்சே என்று அக்கா ஒரு வார்த்தை சொல்வாள், பிறகு பிரதோஷத்துக்கு முதல் ஆளாக நிற்பாள். மாநகராட்சி எல்லை விரிவாக்கத்துக்கு முந்திய பழைய பகுதி, குழாயும் சாக்கடையும் முன்பே போட்டது. கடலோர மணல் நிலம், நிலத்தடி நீர் பொதுவாக நன்றாக இருக்கும். அதற்காக அளவில்லாமல் உறிஞ்சினால் உப்பு உள்ளே வந்துவிடும், ஆகவே அந்தக் கட்டடத்தில் மழைநீர் சேகரிப்புக் குழி வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள். 2003லிருந்து அது கட்டாயம், பல இடத்தில் மூடி மட்டும் இருக்கும். மாப்பிள்ளைக்கு ராஜீவ் காந்தி சாலைப் பேருந்துகளும் கம்பெனி வண்டிகளும் அங்கிருந்து கிடைக்கும். உனக்குப் பறக்கும் ரயில், கடற்கரைக்கு அரை மணிக்குச் சற்று மேல். ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ. ஆனால் ரயிலை மட்டும் நம்பாதே. கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே 2023 ஆகஸ்டில் ஏழு மாதம் என்று சொல்லி நிறுத்தியதை ஒரு வருஷத்துக்கும் மேல் இழுத்தார்கள். எந்த ஏரியாவாக இருந்தாலும் ஆபீசுக்கு இரண்டு வழி இருக்கவேண்டும். திருவான்மியூரிலிருந்து பேருந்து உண்டு, பரவாயில்லை.

பேருந்து என்றதும் இன்னொன்று. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம். அக்கா மயிலாப்பூர் போகவேண்டும், திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதியைப் பார்க்கவேண்டும் என்றால் கையில் காசைக்கூட எண்ணவேண்டாம். ஆனால் அவள் தெருமுனைக்கு அந்தச் சாதாரணப் பேருந்து வரவேண்டும், ஏறி உட்காருகிற மாதிரி வண்டி புறப்படும் இடம் பக்கத்தில் இருக்கவேண்டும். நீ வாடகையில் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு இதற்குத்தான் என்று எழுதிக்கொள். நாவலூரில் மிச்சமாகும் வாடகை லாரித் தண்ணீருக்கும் ஆட்டோவுக்கும் பெட்ரோலுக்கும் போய்விடும். கூட்டிக் கழித்துப் பார், வித்தியாசம் நீ நினைக்கிற அளவு இருக்காது.

பள்ளிக்கூடத்தைப் பற்றி மாப்பிள்ளை பெரிய பெரிய பெயர்களாகச் சொன்னார். எல்.கே.ஜி.க்கு ஒரே தகுதி போதும், அக்கா நடந்துபோய் அழைத்துவருகிற தூரம். பெரிய சாலை எதையும் கடக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. ஆறாம் வகுப்பு வரும்போது பெரிய பெயரைத் தேடலாம். ஆஸ்பத்திரியும் அப்படித்தான். பெரிய ஆஸ்பத்திரி எங்கே இருந்தாலும் ஆம்புலன்ஸ் கொண்டுபோய்விடும். பிரஷர் பார்த்து மாத்திரை எழுதித் தர, தெருவில் ஒரு சாதாரண டாக்டர் இருக்கிறாரா என்று பார்.

உன் மனதில் ஒரு கேள்வி ஓடும், தெரியும். மாமா ஏன் வில்லிவாக்கத்துக்கு வா என்று சொல்லவில்லை? அத்தை இரண்டு நாளாக அதைத்தான் கேட்கிறாள். எங்கள் பக்கத்துத் தெருவில் வீடும் காலியாக இருக்கிறது. அக்கா பக்கத்தில் இருந்தால் எனக்கு என்னவெல்லாம் கிடைக்கும் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் இங்கிருந்து சிறுசேரிக்கு மாப்பிள்ளை ஊரைக் குறுக்கே வெட்டிப் போகவேண்டும். நான் அக்காவுக்காகப் பார்க்கச் சொன்னதை என் ஆசைக்காகப் பார்ப்பதாக ஆக்கிவிடக்கூடாது. திருவான்மியூரானாலும் நங்கநல்லூரானாலும் நான் ரயில் ஏறி வந்துவிடுவேன், எனக்கு வேறு என்ன வேலை.

இந்த இரண்டில் எது என்று நான் சொல்லமாட்டேன். அதைச் சொல்லவேண்டியவள் அக்கா. வரும்போது அவளையும் கூட்டிக்கொண்டு வா. இங்கே எங்களோடு ஒரு வாரம் தங்கட்டும். ஒரு நாள் காலையில் நங்கநல்லூர், இன்னொரு நாள் திருவான்மியூர். வீட்டைக் காட்டிவிட்டு உடனே கிளம்பாதீர்கள். அவள் கையில் ஒரு பையைக் கொடுத்து, காய் வாங்கிவிட்டு, கோயிலைப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூட வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்பச் சொல். நீ பின்னால் போகாதே, நானும் போகமாட்டேன். ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருப்போம். அவள் திரும்பி வந்து "கத்தரிக்காய் யானை விலை" என்று திட்டினால் அந்த ஏரியா அவளுக்குப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னால் வேறு வீடு பார்க்கவேண்டியதுதான். உன் அம்மாவை உனக்குத் தெரியாதா?

அவள் வாய் திறந்து ஒன்றைச் சொல்லும்வரை யாருக்கும் முன்பணம் கொடுக்காதே. இங்கே பத்து மாத அட்வான்ஸ் கேட்பது பழைய வழக்கம், பேசிக் குறைக்கலாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்யவேண்டும். வீட்டுக்காரர் "அதெல்லாம் எதுக்கு, நம்மளுக்குள்ள" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. கரண்டுக்குத் தனி மீட்டரா, யூனிட்டுக்கு அவர் வைத்த விலையா என்பதையும் அதிலேயே எழுதி வாங்கு.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பைச் சொல். நாவலூரை வேண்டாம் என்றதில் வருத்தம் இருந்தால் என்னிடமே பேசச் சொல், நான் சண்டைக்கு வரமாட்டேன். பொடியனுக்கு முத்தம். அக்காவை வரும்போது பால்கோவா வாங்கிவரச் சொல்லாதே, முழங்காலோடு எதையும் தூக்கவேண்டாம். சொல்லாவிட்டாலும் வாங்கித்தான் வருவாள்.

இப்படிக்கு
அன்புள்ள மாமா

பி.கு.: அத்தை ஒன்று சேர்க்கச் சொல்கிறாள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அந்தத் தெருவில் விளக்கு எரிகிறதா, நீ ஸ்டேஷனிலிருந்து தனியாக நடந்து வரும் வழியில் கடைகள் திறந்திருக்கின்றனவா என்று ஒருமுறை நேரில் பார்க்கவேண்டுமாம். நான் அக்காவையே நினைத்துக்கொண்டு உன்னை விட்டுவிட்டேன் என்று குறைப்படுகிறாள். நியாயம்தான். இரண்டு ஏரியாவையும் பகலில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை பார்த்துவிடுவோம்.